மலையேறிய மாவு

மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ கோவையிலிருந்தோ புறப்பட்டு மூணாற்றிலும் தேவிகுளத்திலும் குடியேறும் குடும்பங்களில், வந்த முதல் வாரத்திலேயே எழும் குறை ஒன்று உண்டு. மாவு பொங்கவில்லை என்பதே அது. ஊரில் இரவு கரைத்து வைத்தால் விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும் அதே மாவு, இங்கே வைத்தது வைத்தபடியே இருக்கிறது. மேலே நீர் தெளிந்திருக்கும். அடியில் அரிசி படிந்திருக்கும். அதை வார்த்தெடுத்தால் கிடைப்பது இட்டலியன்று, வெள்ளை வில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருந்துவிட்டால் பேச்சு மாவோடு நிற்பதில்லை. கரைத்து வைத்தவளின் கைராசி விசாரணைக்கு வருகிறது. புதிதாக வாழ வந்த மருமகளாயின் சொல்லவே வேண்டாம். பட்டணத்தில் அவள் கரைத்த மாவு நன்றாகப் பொங்கியதை யாரும் அப்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பழி எத்துணை நியாயமற்றது என்பதை அறிய, மாவு பொங்குவது எவ்வாறு என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். அரிசியிலும் உளுந்திலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் இயல்பாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊறவைத்து ஆட்டியதும் அவற்றுக்கு நீரும் உணவும் ஒருங்கே கிடைக்கின்றன. அவை பெருகிப் புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அவ்வாயு வெளியேறாமல் தாங்கிப் பிடிப்பது உளுந்தின் வழவழப்பு. உளுந்து இன்றி அரிசியை மட்டும் கரைத்து வைத்தால் புளிக்குமேயன்றி அந்தப் பொங்குதல் வாராது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நம் இட்டலி மாவை ஆராய்ந்து 1965-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையான பங்கு வகிப்பது லுகோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிர் என்று அவர்கள் கண்டார்கள். அந்த உயிர் தானியத்தோடேயே வருகிறது. கரைப்பவரின் கையிலிருந்து அது வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. எனவே மூணாற்று மருமகள் கரண்டியால் கலக்கினாலும், அவள் மாமியார் கையாலேயே கலக்கினாலும், குளிரில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும்.

வேறுபாடு உஷ்ணத்தில் இருக்கிறது. இட்டலி மாவுக்கு உகந்தது ஏறக்குறைய 30 டிகிரி சென்டிகிரேட். அந்த அளவில் ஓர் இரவு போதும். மூணாறு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை உஷ்ணம் சில நாட்களில் உறைநிலையைத் தொட்டுவிடுகிறது. புல்லின்மேல் உறைபனி காண்கிறோம். லயத்து வீட்டின் சமையல் மூலையில் இரவெல்லாம் கிடக்கும் மாவு என்ன செய்யும்? அதிலுள்ள உயிர்கள் சாகவில்லை, சோம்பிக் கிடக்கின்றன, அவ்வளவே. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு வரும் ஒரே சாலையில் மாவின் போக்கு மும்முறை மாறுகிறது. அடிவாரத்தில் ஓர் இரவுக்குள் பொங்குவது, மழை மறைவுப் பகுதியாகிய மறையூரில் காலை வெயில் ஏறும்வரை காத்திருக்கச் சொல்லும். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேலே வந்துவிட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் கேட்கும்.

கடல் கடந்து வாழும் நம்மவர்க்கும் இதே சங்கடம் வேறு வடிவத்தில் நேர்கிறது. பிரிட்டனில் வீட்டுக்கு வேண்டிய பீரை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள உரிமம் வேண்டியதில்லை என்று 1963-இல் ஆக்கினார்கள். அது முதல் அங்கே அதற்கான பொருள்கள் ஒரு தொகுப்பாகவே கடையில் கிடைக்கின்றன. முளைகட்டிய வாற்கோதுமையின் பாகு ஒரு டப்பியில், உலர்ந்த ஈஸ்ட் ஒரு பொட்டலத்தில். பாகை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடி வைத்தல் முறை. முதன்முறை செய்பவர் மறுநாள் எட்டிப் பார்த்துக் குமிழியைக் காணாமல் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார். காரணம் பெரும்பாலும் அறை குளிர்ந்திருந்தது, அல்லது மூடி இறுகவில்லை, அல்லது சூடு ஆறுமுன் ஈஸ்ட்டைப் போட்டு அதைக் கொன்றுவிட்டார் என்பதே. இன்னொருவர் பொறுக்கமாட்டாமல், புளித்து முடியுமுன்பே புட்டியில் அடைத்துவிடுகிறார், புட்டி வெடிக்கிறது. நம் நாட்டில், கேரளத்திலும்கூட, உரிமமின்றி மது உண்டாக்குவது குற்றம். ஆகவே அந்த வித்தை நமக்கு வேண்டுவதில்லை. ஆயினும் அவர்களுடைய படிப்பினை நமக்கும் உதவும்: உஷ்ணத்தை அளந்து பார், அவசரப்படாதே, கொட்டிவிடாதே.

ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. வெள்ளையர்கள் இந்நாட்டில் பீர்ச் சாலை வைக்க இடம் தேடியபோது குளிர்ந்த மலைகளையே நாடினார்கள். கசௌலியில் ஒன்று, 1860-இல் முர்ரி மலையில் ஒன்று. பீரின் ஈஸ்ட்டுக்குக் குளுமை இசைகிறது. நம் உளுந்து மாவோ சமவெளியின் புழுக்கத்தில் பழகியது. ஒன்றுக்கு வாழ்வளிக்கும் மலை மற்றொன்றை உறங்கவைக்கிறது.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். ஊறவைக்கும் நீரை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வதே முதல் காரியம். ஆட்டிய பின் கடைசியாகச் சேர்க்கும் நீரும் அவ்வாறே இருக்கட்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகவேண்டாம். கொதிநீர் ஊற்றினால் மாவு பாதி வெந்துவிடும், உள்ளிருக்கும் உயிரும் போய்விடும். அடுத்தது இருப்பிடம். இரவுச் சமையல் முடிந்து விறகடுப்பு தணிந்திருக்கும்போது, அதன் பக்கத்து மேடையில் பாத்திரத்தை வைத்துச் சாக்கினாலோ பழைய கம்பளியாலோ சுற்றிவிடுதல் நன்று. எரிவாயு அடுப்பு மட்டும் உள்ள வீடாயின், மூடியுள்ள மரப்பெட்டியிலோ பெரிய அண்டாவிலோ மாவுப் பாத்திரத்தை வைத்து, அருகில் ஒரு செம்பு வெந்நீரும் வைத்து மூடலாம். படுக்கப் போகுமுன் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் வெந்நீரை மாற்றினால் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு நிரப்பாதிருத்தல் நலம். ஒருநாள் சோதனை வெற்றியாகிவிட்டால் அடுப்பைச் சுற்றி வழிந்த மாவைத் துடைக்கும் வேலை வேறு வந்து சேரும்.

உஷ்ணம் அறியச் சுவரில் மாட்டும் சாதாரண உஷ்ணமானி ஒன்றே போதுமானது. காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்குப் பயன்படாது. மனித உடலுக்கென அமைந்த அதன் அளவு 35 டிகிரியை ஒட்டித்தான் தொடங்குகிறது.

முந்தைய முறை நன்றாகப் பொங்கிய மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்து புது மாவில் கலப்பது மலையில் மிகவும் உதவும். பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. புதிதாக வந்தவர்கள் அண்டை வீட்டாரிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கலாம். அறிமுகத்துக்கும் அது வழியாகும். உப்பைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. உப்பு மிகுந்தால் புளிப்பு தாமதமாகும் என்பது உண்மை. ஆகையால் குளிர்காலத்தில் பாதி உப்பை இரவிலும் மீதியைக் காலையிலும் சேர்ப்பதே நடுநிலை என்பது நமது அபிப்பிராயம். சமையல் சோடாவைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது இட்டலியை உப்பச் செய்யும். புளித்த மாவின் சுவையைத் தராது.

உளுந்தும் சில வேளைகளில் குற்றவாளியாகும். பழைய உளுந்தில் வழவழப்புக் குறைந்துவிடும். பிறக்கும் வாயு தங்காமல் வெளியேறிவிடும். ஒரு காலத்தில் கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கம்பிவழியாகவும், அங்கிருந்து மூணாற்றுக்கு 1908 முதல் ஓடிய சிற்றிரயிலிலும் பண்டங்கள் வந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையைக் கொண்டுபோயிற்று. இன்றும் இடுக்கி மாவட்டத்தில் இரயில் நிலையம் கிடையாது. மலைக்குக் கீழே போடிநாயக்கனூருக்கு மட்டும் 2023 ஜூன் முதல் அகலப்பாதை வண்டி வருகிறது. எல்லாம் லாரியில் ஏறி வரவேண்டியிருப்பதால், விற்பனை குறைந்த சிறு கடைகளில் பருப்பு மாதக்கணக்கில் தேங்குவதுண்டு. கூலியில் மிச்சம் பிடித்து உளுந்து வாங்கும் தொழிலாளி வீட்டில் ஒருபடி மாவு வீணாவது சிறு நஷ்டமன்று. ஆகவே புதுக்கடையில் வாங்கும்போது முதலில் கால் கிலோ வாங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். மிக்ஸியில் அரைப்போர், அது சூடேறாதபடி இடையிடையே நிறுத்திக் குளிர்ந்த நீர் தெளித்து அரைத்தல் வேண்டும். வெதுவெதுப்பு அரைத்து முடிந்தபின் வரட்டும்.

மாவு பொங்கியும் இட்டலி தட்டையாக வந்தால்? காலையில் கரண்டியால் அடித்துக் கலக்கி வாயுவை வெளியேற்றியிருக்கலாம். அன்றியும், மூணாற்றின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆவியின் சூடும் அந்த அளவே. ஊரில் வேகும் நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிஷம் கூடுதலாக வைக்கவேண்டும்.

பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை தலைகீழாக அமைகிறது. கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் பங்குனி, சித்திரை வெயில் 40 டிகிரியை எட்டும் நாட்களில், மாலையில் கரைத்த மாவு நள்ளிரவுக்குள் பொங்கி, விடியுமுன் அமுங்கிவிடுகிறது. காலையில் பார்ப்பவர் பொங்கவேயில்லை என்று எண்ணிக்கொள்கிறார். பாத்திரத்தின் உட்சுவரில் மாவு ஏறி இறங்கிய தடமும், மூக்கைத் துளைக்கும் புளிப்பும் உண்மையைச் சொல்லிவிடும். அங்கே உப்பு முழுவதையும் முதலிலேயே சேர்க்கலாம். படுக்கைக்குப் போகுமுன் கரைக்கலாம். பொங்கியதும் குளிர்பெட்டிக்கு மாற்றலாம்.

வெப்பத்தில் புளிப்பு எவ்வளவு விரைவு கொள்ளும் என்பதற்குச் சிற்றூர்த் தென்னந்தோப்புகளே சான்று. பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீர், கலயத்தில் இருக்கும்போதே கள்ளாகத் தொடங்கிவிடுகிறது. நாள் கடந்தால் காடியாகிவிடும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் மட்டுமே அது இனிப்பாகத் தங்கும். அந்தக் கள்ளில் இயல்பாக உள்ள ஈஸ்ட்டைக் கொண்டே இவ்வட்டாரத்தார் பழைய நாளில் ஆப்ப மாவைப் பொங்கவைத்தார்கள். இன்று கடையில் வாங்கும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை அதே வேலையைச் செய்கிறது. மலையிலுள்ளோர் ஆப்பத்துக்கு அதை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் கரைத்துப் பத்து நிமிஷம் வைத்து, நுரை கண்ட பிறகே மாவில் சேர்க்கவேண்டும். நுரை வாராவிட்டால் ஈஸ்ட் செத்தது என்று பொருள். மாவைக் கெடுக்காமல் வேறு பொட்டலம் வாங்கலாம்.

மாவின்மேல் இளஞ்சிவப்போ கருமையோ பச்சையோ படர்ந்திருந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடவேண்டும். மற்றபடி பொங்காத மாவைப் பெட்டியில் வைத்து வெந்நீரை மாற்றி இன்னொரு பகல் பொறுத்துப் பார்க்கலாம். அப்போதும் எழவில்லையாயின் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டுத் தோசையாக வார்த்துவிடலாம். குழந்தைகள் அதைக் குறைசொல்லாமல் உண்பார்கள்.