பாக்கி விழுந்த ஜீவனாம்சமும் பிரிந்த குழந்தையும்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊராட்சிகளில், பிரிந்து வாழும் பெற்றோரின் வழக்கு பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களிடமே முதலில் வருகிறது. "பணம் வந்தால் பிள்ளையைக் காட்டுவேன்" என்பார் தாய். "பிள்ளையைக் காட்டினால் பணம் தருவேன்" என்பார் தந்தை. இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுதல் தகாது. சட்டம் இவற்றைத் தனித்தனியே நோக்குகிறது.

ஜீவனாம்சத்திற்கு, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு வழி செய்கிறது. பழைய 125ஆம் பிரிவே இது. பாக்கியை வசூலிக்க, அது செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். மனை விற்றதும் தருவார் என்று காத்திருந்தால் இக்கெடு கடந்துவிடும். ஊரில் எழுதிய முச்சலிக்கையைக் கொண்டு இப்பிரிவில் வசூலிக்க இயலாது. நீதிமன்ற உத்தரவு இன்றியமையாதது. செலுத்தாதவருக்குச் சிறையும் உண்டு. சிறை சென்றதனால் பாக்கி தீர்ந்துவிடாது என உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்துள்ளது. வருமானம் குன்றியவர் தொகையைக் குறைக்க மனுச் செய்யலாம். தாமாகவே நிறுத்துதல் கூடாது.

குழந்தையைக் காண விரும்புவோர், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குடும்ப நல நீதிமன்றத்தை அணுகலாம். சந்திக்கும் நாளும் இடமும் அங்கே வரையறுக்கப்படும். நெடுநாள் முகங்காணாத பிள்ளை உடனே ஒட்டிக்கொள்ளாது. வாரம் ஒரு மணி நேரம் கேட்டுத் தொடங்குவதே நன்றென்பது எம் கருத்து.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100. அதனை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.