போனுக்கு முன் கருவியைப் புதுப்பியுங்கள்

கைத்தொலைபேசி திருத்தும் கடைக்காரர்கள் ஸ்குரூ டிரைவர் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுவார்கள். கணனியிலுள்ள கருவியை மட்டும் வருடக்கணக்கில் கவனிப்பதில்லை. நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

அன்ட்ரொய்ட் போன்களுக்கு கேபிள் வழியாக மென்பொருள் ஏற்ற உதவும் பாஸ்ட்பூட், ஒரு திறந்த மூல மென்பொருளாகும். கூகுள் இதனை பிளட்போர்ம் டூல்ஸ் என்ற தொகுப்பில் இலவசமாக வழங்குகிறது. 2019இல் வந்த அன்ட்ரொய்ட் 10, போனின் சேமிப்பிடத்தைப் பிரிக்கும் முறையை மாற்றியமைத்தது. அதற்கு முந்திய பாஸ்ட்பூட்டுக்கு இந்த முறை தெரியாது. வேலை பாதியில் நின்றால் போன் இயங்காமல் போகலாம். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

புதுப்பிப்பது எளிது. தொகுப்பை கூகுளின் தளத்திலிருந்தே இறக்குங்கள். யாரோ தரும் பென்டிரைவ் பிரதியில் வைரஸ் இருக்கக்கூடும். பழைய கோப்புறையை முற்றாக அகற்றிவிட்டுப் புதியதை வையுங்கள். பின்னர் பதிப்பைக் கேட்கும் கட்டளையைக் கொடுத்தால், பதிப்பு இலக்கத்துடன் கருவி எந்தக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்பதும் தெரியும். வேறோர் இடத்திலுள்ள பழைய பிரதி இயங்கினால் அகப்பட்டுவிடும்.

கருவி புதிதென்று அவசரப்பட வேண்டாம். பூட்லோடர் பூட்டைத் திறந்தால் போனிலுள்ள படங்கள், தொடர்பிலக்கங்கள் யாவும் அழிந்துவிடும். பிக்சல் 6 போன்களில், 2022இல் வந்த அன்ட்ரொய்ட் 13ஐ ஏற்றிய பின் அதற்கு முந்திய அன்ட்ரொய்ட் 12 கோப்புகளை ஏற்றினால் போன் இயங்காது.

இவற்றை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சில நிமிட வேலைதான். கடையின் நாணயம் காப்பாற்றப்படும்.