பதிவுக் கரும்பு மாதிரி ஒரு கையெழுத்து

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிந்தவர்களிடம் ஒப்பந்தம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பதிந்த கரும்பை வேறு எங்கும் கொண்டுபோக முடியாது. தோகை காய்ந்தாலும் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த பிறகுதான் அரிவாளை எடுக்க வேண்டும்.

அந்த ஊர்க் கரும்பு விவசாயி ஒருவர், ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மிலிட்டரியில டாக்டரா சேந்தா மேல்படிப்பையும் அவங்களே பாத்துக்குவாங்களாமே, நெசங்களா?"

பாதி நிஜம். மீதிப் பாதியில்தான் இந்தப் பெண்ணின் இருபதுகள் முழுவதும் அடங்கியிருக்கின்றன.

2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது சேர்ந்த முதல் அணியில் ஒருவர் அவர். கல்விக் கட்டணத்தை அரசே கட்டியது. அந்தச் சலுகை எம்.பி.பி.எஸ்.ஸோடு சரி. மேற்படிப்புக்கு வந்தால் மறுபடியும் நீட், கோச்சிங் செலவு, படித்துக்கொண்டே வீட்டில் உட்காரும் ஒன்றிரண்டு வருடம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் தனியார் கட்டணத்துக்கு நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு ராணுவ விளம்பரம் வந்து சேர்ந்தால் கண் அதிலேயே நிற்கத்தானே செய்யும்?

விளம்பரம் சொல்வது இது. ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகியகாலப் பணி. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு வயது வரம்பு 30, பட்ட மேற்படிப்பு முடித்தவர்களுக்கு 35. பெண்களும் சேரலாம். எடுத்த எடுப்பிலேயே கேப்டன். அடிப்படைச் சம்பளம் 61,300 ரூபாய், ராணுவச் சேவைக்காக 15,500, தனியாக மருத்துவம் பார்க்காமல் இருப்பதற்கு அடிப்படையில் 20 சதவீதம், அதற்கு மேல் அகவிலைப்படி. முதலில் ஐந்து ஆண்டு, நீட்டித்தால் மொத்தம் 14. விலகும்போது பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் கிடையாது.

மேற்படிப்புக்கு வருவோம். 1948-ல் தொடங்கிய புணே ராணுவ மருத்துவக் கல்லூரியிலும் பெரிய ராணுவ மருத்துவமனைகளிலும் உள்ள இடங்களில் பணியிலிருக்கும் அதிகாரிகளுக்கே முதல் உரிமை. சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். ஆனால் அந்த உரிமை என்பது போட்டியிடும் உரிமை, அவ்வளவுதான். நீட் மதிப்பெண் வேண்டும், சேவைக் காலம் கணக்கில் வரும், எந்தப் பிரிவு என்பதில் ராணுவத்தின் தேவையும் பேசும். படித்து முடித்தால் இத்தனை ஆண்டு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டும் பின்னால் வரும். மகப்பேறு மருத்துவம் படிக்கத்தான் இந்தப் பெண்ணுக்கு ஆசை. அது கிடைக்கும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

"அப்ப கட்டிங் ஆர்டர் அவங்க கையிலதான்னு சொல்றீங்க," என்றார் அப்பா. நான் அரை மணி நேரம் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அமெரிக்காவில் இதையே வேறு முறையில் செய்கிறார்கள். வெளி மருத்துவமனையில் ரெசிடென்சி படித்துக்கொண்டிருக்கும் டாக்டருக்கே ராணுவம் ஆண்டுக்கு 45,000 டாலர் வரை கொடுத்து, மாதப் படியும் தருகிறது. பணம் வாங்கிய ஆண்டுகளோடு இன்னும் ஒன்றைக் கூட்டிச் சீருடையில் கழிக்க வேண்டும். அங்கே பிரிவு முதலில் கையில் இருக்கிறது, கையெழுத்து பிறகுதான். நம் பிள்ளைகள் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுப் பிரிவுக்குக் காத்திருக்கிறார்கள். என் தயக்கமே இதுதான்.

இன்னொரு கவலையும் உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. மூங்கில்துறைப்பட்டில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலையாளி பழங்குடிப் பெண்களுக்கு இரவில் வலி எடுத்தால் மலைப்பாதை இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். 2024 ஜூனில் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது சேலம், விழுப்புரம், புதுவை ஜிப்மர் என்று நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி 2022-லேயே திறந்தாகிவிட்டது. கட்டடம் வந்துவிட்டால் போதுமா? தீவிர சிகிச்சையும் பிரசவமும் சிறுநீரகமும் படித்தவர்கள் இந்த மண்ணில் தங்க வேண்டும். இங்கே பிறந்து, இந்த மலையின் பேச்சு புரிந்த ஒரு பெண் டாக்டர் ஐந்து வருடம் வடக்கே போனால் இங்கே காலியாகும் நாற்காலியில் யார் வந்து உட்காருவார்?

தமிழ்நாட்டிலும் சம்பளத்தோடு படிக்கும் வழி இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு அரசுக் கல்லூரிகளின் மாநில மேற்படிப்பு இடங்களில் பாதி. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மலையிலும் எட்டாத ஊர்களிலும் உழைத்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண் தருவது இந்த ஏற்பாட்டின் உயிர். இதிலும் பாண்டு உண்டு, காத்திருப்பு உண்டு. ஆனால் காத்திருக்கும் காலமெல்லாம் நோயாளி நம் ஊர்க்காரர்.

எல்லையில் வேலை பார்த்த டாக்டருக்கு வரும் கைத்தெளிவும் துணிவும் வேறெங்கும் வராது என்று ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. சீருடை மேலேயே ஆசை உள்ள பிள்ளை தாராளமாகப் போகட்டும். கடனுக்குப் பயந்து போகிற பிள்ளையை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேசி முடித்தபோது அப்பா ஆலைப் பக்கம் டிராக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மெதுவாகக் கேட்டார்: "அரசு டாக்டர் வேலைக்கான எம்.ஆர்.பி. கவுன்சிலிங்ல கல்வராயன் மலைய நானே கேட்டு எடுக்கலாமா சார்?"

"ஏம்மா, மலைக்கா?" என்றார் அப்பா.

மகள் பதில் சொல்லவில்லை. ராணுவ விளம்பரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை.