கடைசிப் பெட்டியின் பலகை

ரயில் ஸ்டேஷனைக் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் கடைசிப் பெட்டியைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார். அதில் 'எல்.வி.' பலகை, இரவானால் சிவப்பு விளக்கு இருந்தால்தான் வண்டி முழுதாக வந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட மாட்டார். 34 ஆண்டுகள் ரயில்வேயில் உழைத்த எனக்கு இது பால பாடம்.

நம் உடலின் செல்களுக்குள்ளும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் நகலான தூது ஆர்.என்.ஏ.தான் புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமந்து செல்கிறது. நகலின் முடிவருகே ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ என்ற ஆறெழுத்துச் சிக்னல் இருக்கும். அதைத் தாண்டி 10 முதல் 30 எழுத்துக்குள் நகல் வெட்டப்படுகிறது. வெட்டிய முனையில் ஒரு நொதி 'ஏ' என்ற ஒரே எழுத்தைச் சுமார் 200 முறை கோர்த்து வால் கட்டுகிறது. இந்த வால் டி.என்.ஏ.யில் எழுதப்பட்டதல்ல, பிறகு சேர்ப்பது. 1971-ல் பல ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டறிந்தன. தூது சிதையாமல் காப்பது இந்த வால்தான். அது நாளடைவில் தேய்ந்து குறுகியதும் தூதின் ஆயுளும் முடிகிறது.

இதையெல்லாம் இந்த வயதில் நான் படித்ததற்குக் காரணம் என் பேத்தி. எப்போதும் சோர்வாக இருந்தாள். இரும்புச்சத்து டானிக் கொடுத்துப் பார்த்தோம், பயனில்லை. கடைசியில் ஆல்ஃபா தலசீமியா என்று தெரிந்தது. அந்த ஆறெழுத்தில் கடைசி இரண்டு 'ஏ' விடுபட்டிருந்தன. சிக்னல் கெட்டதால் தூது சரியாக முடியவில்லை, ஹீமோகுளோபினும் குறைந்துவிட்டது.

மகனும் மருமகளும் ஆரோக்கியமானவர்கள். ஆனால் இருவரிடமும் தலா ஒரு பிரதியில் அதே பிழை. மருமகள் என் தங்கை மகள். உறவு விட்டுப்போகக் கூடாதென்று நான் பிடிவாதமாக நடத்திய கல்யாணம் அது. என் ரத்தத்தையும் சோதித்தேன். எனக்கும் அந்தப் பிழை இருக்கிறது. குழந்தைக்கு ரத்தம் ஏற்றும் நாளில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

நம் சங்கத்தில் பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பவர்கள் பலர் உண்டு. ஜாதகம் பார்க்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிவப்பணுக்கள் சிறுத்திருந்து, இரும்புக் குறைவும் இல்லையென்றால் தலசீமியாவா என்று டாக்டரிடம் கேளுங்கள். சொந்தத்தில் முடிப்பதானால் கட்டாயம் கேளுங்கள்.

ஆயிரக்கணக்கான வண்டிகளின் பலகையைச் சரிபார்த்தவன் நான். என் வீட்டு வண்டியைப் பார்க்கத் தவறிவிட்டேன்.