தலை எண்ணிய அவை

திட்டத்தைக் கைவிடு என்று 138 பேர். கைவிடாதே என்று 138 பேர்.

1953 ஜூலை இறுதியில், சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் கூடிய சட்டப் பேரவையில் விழுந்த ஓட்டு இது. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கூட இருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று அந்த ஜூன் மாதம் ஒரு கல்வித் திட்டத்தை அவர் கொண்டுவந்திருந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. வெளியே பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, ஆளும் காங்கிரஸ் உறுப்பினர்களிலேயே பலருக்கு அந்தத் திட்டம் தொண்டையில் இறங்கவில்லை.

சரிசமமாக விழுந்த ஓட்டில் தன் ஓட்டைப் போட்டு முடித்துவைக்கப் பேரவைத் தலைவர் சிவசண்முகம் பிள்ளைக்கு உரிமை இருந்தது. அவர் போடவில்லை. கைவிடச் சொல்கிறவர்கள்தான் தங்களுக்குப் பெரும்பான்மை இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற நிலையில் நின்றார். அந்தத் தீர்மானம் விழுந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து, வல்லுநர் குழு ஒன்றிடம் கொடுத்து ஆராயுங்கள் என்று இன்னொரு தீர்மானம் வந்தது. அதற்கு ஆதரவு 139, எதிர்ப்பு 137. அரசு தோற்றது. குழு அமைந்தது. மறு ஆண்டு ராஜாஜி பதவி விலக, காமராசர் வந்தார். 1954 மே மாதம் திட்டமே கைவிடப்பட்டது.

அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 138-138, 139-137. ஒரே ஒரு கை இங்கிருந்து அங்கே போனால் வருகிற வித்தியாசம். இலட்சக்கணக்கான பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்தை அந்த ஒரு கை தீர்மானித்தது. இதை வெறும் பழங்கதையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஓர் உறுப்பினர் காலையில் அவைக்குள் நுழையும்போது, மாலையில் என்ன முடிவு வரும் என்று முதலமைச்சருக்கே தெரியாத ஒரு நாள் இந்த ஊரில் இருந்தது.

எழுபது ஆண்டு கழித்து வருவோம். 2023 ஏப்ரல் 21. இடம் புனித ஜார்ஜ் கோட்டை. தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தம் அவைக்கு வருகிறது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்ற வரம்பைத் தளர்த்தி, பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தம். ஆளும் தி.மு.க.வின் கூட்டணியிலேயே இருந்த இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எழுந்து எதிர்த்தார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்ற வழக்கமான முறைதான். குரல் வாக்கெடுப்பில் முன்வடிவு நிறைவேறியது. பெருந்திட்டங்களுக்காக நிலத்தை ஒருங்கிணைக்கும் சட்ட முன்வடிவும் அதே நாளில் அதே விதமாக நிறைவேறியது. உழவர் அமைப்புகள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவை எல்லாவற்றையும் முடித்திருந்தது.

தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில், திருத்தத்தின் மேல் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மக்கள் குரலுக்கு அரசு பணிந்தது நல்லதே. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறு. 1953-ல் ஒரு தவறான திட்டத்துக்கு முதல் தடை அவைக்குள்ளேயே விழுந்தது. 2023-ல் அந்த வேலையை அவைக்கு வெளியே சங்கத்துக்காரர்கள் செய்ய வேண்டிவந்தது. 234 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோமே, அவர்கள் என்ன செய்தார்கள்?

குரல் வாக்கெடுப்பைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சீக்கிரம் முடிந்துபோகிறது என்று. பேரவைத் தலைவர் முன்வடிவின் பெயரைப் படிப்பார். ‘ஆம்’ என்று ஓர் இரைச்சல் எழும். ‘இல்லை’ என்பதற்குச் சில வேளை ஒன்றும் எழாது. எதிர்க்கட்சி வெளியே போயிருக்கும். நிறைவேறியது என்று சொல்லும்போதே அடுத்த தாள் கைக்கு வந்திருக்கும். பிரிவு பிரிவாகக் கேட்க வேண்டிய ஒப்புதலும் அதே வேகத்தில் ஓடும். கடைசி நாட்களில் முன்வடிவுகள் வரிசையாக வரும்போது, எது எதற்கு ‘ஆம்’ சொன்னோம் என்று ஓர் உறுப்பினரால் அன்று இரவு வீட்டில் நினைவுபடுத்திச் சொல்ல முடியுமா என்பதே சந்தேகம்.

இப்படி ஆனதற்குக் காரணம் ஆட்களின் குணம் மட்டும் இல்லை. 1985-ல் வந்த ஐம்பத்திரண்டாவது அரசியல் சட்டத் திருத்தமும், அது சேர்த்த பத்தாவது அட்டவணையும் முக்கியக் காரணம். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். கொறடா கட்டளையிட்டால் உறுப்பினர் அதன்படிதான் ஓட்டுப் போட வேண்டும். மீறினால், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால், பதவி போகும். அரசு கவிழ்கிற ஓட்டுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இருந்திருந்தால் நியாயம். ஒரு வரிச் சட்டத்துக்கும், ஓர் ஏரியைப் பற்றிய முன்வடிவுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு தேவை இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. குலக்கல்விக்கு எதிராக ஓட்டுப் போட்ட அதே அவை எப்படித் தொடங்கியது? 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார்கள். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆதரவு தந்தது. அவருக்கு அமைச்சர் பதவி கிடைத்தது. சுயேச்சைகள் வந்தார்கள், எதிர்க்கட்சிகளிலிருந்தும் வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நம்பிக்கை வாக்கு 200-க்கு 151 என்று முடிந்தது. சுதந்திரமாகக் கை தூக்கும் உறுப்பினரும் விலைக்குப் போகும் உறுப்பினரும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதை அந்த அவை காட்டியது.

இருந்தாலும், அந்தக் காலத்து ஓட்டுக் கணக்குகளில் ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. 1957-ல் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரும் தீர்மானத்தைத் தி.மு.க. கொண்டுவந்தது. முதல் முறையாக அவைக்குள் வந்த அந்தக் கட்சிக்கு அன்று பதினைந்து பேர்தான். தீர்மானத்தை ஆதரித்தவர்கள் 42 பேர். எதிர்த்தவர்கள் 127 பேர். தோல்விதான். ஆனால் 15 எங்கே, 42 எங்கே? தன் கட்சிக்கு வெளியே இருபத்தேழு பேரைச் சேர்த்துக்கொண்ட தோல்வி அது. அந்தக் கணக்கு அச்சில் நின்றது. வாதம் வளர்ந்துகொண்டே போனது. பத்து ஆண்டு கழித்து, 1967 ஜூலை 18 அன்று, முதலமைச்சர் அண்ணா அதே கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவந்தபோது எதிர்ப்பே இல்லை. ‘தமிழ்நாடு’ என்று அவர் மூன்று முறை சொல்ல, அவை முழுவதும் ‘வாழ்க’ என்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட கட்சியும் சேர்ந்து சொன்னது. ஒருமனதாக முடிவு எடுப்பது என்றால் அது. எதிர்ப்பை எண்ணி, பதிந்து, பிறகு வாதத்தால் வென்று எடுத்த ஒருமனம்.

இன்னும் பின்னால் போனால் பொறுமையும் தெரிகிறது. சொத்து உள்ளவர்கள் மட்டும் ஓட்டுப் போட்ட காலம்தான். அதை யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சென்னைச் சட்டமன்றம் 1921-லேயே பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் முதலாவது அது. பிறகு அங்கே உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அடுத்த ஆண்டு தடை மசோதா பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விடப்பட்டது. முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆயிற்று. இருபது ஆண்டு என்பது மிக நீளம். அதற்குள் எத்தனையோ பெண்களின் வாழ்க்கை போயிற்று. அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மசோதாவை ஊருக்குக் காட்டிக் கருத்துக் கேட்கிற பழக்கம் அன்று இருந்தது. தாக்கல் செய்து சில நாளிலோ அன்றைக்கேயோ முடித்துவிடுகிற இன்றைய பழக்கத்துக்கு அந்தத் தாமதம் மாற்று மருந்து ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஒரு கால அளவு இருக்கிறதே. தேர்வுக் குழுவுக்கு அனுப்பினால் அந்த அவகாசம் கிடைக்கும்.

இன்றைக்கு நடக்கும் எல்லாமே குறை என்றும் சொல்லிவிட முடியாது. 1950-களின் அவையில் ஆங்கிலம் கோலோச்சியது. இன்று கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை தன் ஊர்த் தமிழில் அமைச்சரைக் கேள்வி கேட்கிறார். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாக வீட்டுக்கு வருகிறது. நீட் விலக்கு முன்வடிவை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கருத்துக் கேட்டு, அறிக்கை கொடுத்து, அதன் மேல்தான் 2021 செப்டம்பர் 13 அன்று அவை முடிவெடுத்தது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடியும் கூடி நிறைவேற்றியது. கொரோனாவால் அந்தச் செப்டம்பர்க் கூட்டம் கலைவாணர் அரங்கில் நடந்தது. குலக்கல்வி மேல் ஓட்டு எண்ணிய அதே ஓமந்தூரார் தோட்டம். கல்வி பற்றிய இரண்டு பெரிய முடிவுகள், ஒரே வளாகத்தில்.

ஆனால் தலை எண்ணுவது இன்று எப்போது நடக்கிறது? அரசியல் சட்டம் வற்புறுத்தும்போது, நாற்காலி ஆடும்போது. 2010 ஏப்ரலில் மேலவையை மீட்கும் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் எண்ணினார்கள்: 155-க்கு 33. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கின்போது எண்ணினார்கள். ரகசிய ஓட்டு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை, தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அவையை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி, ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று கேட்டார்கள். 122-க்கு 11. ஒவ்வொரு உறுப்பினரும் தன் காலில் எழுந்து நின்று தன் முடிவைக் காட்டிய அந்தச் சில நிமிடம், அத்தனை அமளிக்கு நடுவிலும், பார்க்க வேண்டிய காட்சியாக இருந்தது. யார் எந்தப் பக்கம் என்று தொகுதிக்காரனுக்குத் தெரிந்தது.

ஆட்சியைக் காப்பாற்றுவதற்கு எண்ணத் தெரிந்த அவைக்கு, தொழிலாளியின் வேலை நேரத்தை மாற்றுவதற்கு எண்ண முடியாதா? 2021 முதல் நிதிநிலை அறிக்கை காகிதமில்லாமல் உறுப்பினர் மேசையில் இருக்கும் கணினித் திரையில் வருகிறது. பக்கம் புரட்ட ஒரு பொத்தான் இருக்கும் இடத்தில் ஓட்டுப் போட ஒரு பொத்தான் வைப்பது பெரிய காரியம் இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் ஆறு பகுதியாக எழுந்து நின்றால் போதும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஆண்டுக்கு நூறு நாள் அவை கூடும் என்று 2021-ல் தி.மு.க. வாக்குறுதி தந்தது. எந்த ஆண்டும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. நாட்கள் கூடினால் நிமிடங்களுக்குப் பஞ்சம் இராது.

கொறடா கட்டளை இருக்கும்போது பெயரோடு எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. கட்டளைக்குப் பணிந்துதான் ஓட்டுப் போட்டேன் என்றாலும், அந்தப் பணிவு பெயரோடு அச்சில் ஏறும். தொகுதிக்குப் போகும்போது ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளி அதைக் காட்டிக் கேட்பார். கேட்பார்கள் என்று தெரிந்தால், கட்டளை போடுவதற்கு முன்பே கட்சிக்குள் ஒரு வாதம் நடக்கும்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க நேர்ந்தால் சாலை, விளக்கு, பட்டா பற்றிக் கேளுங்கள், அவை தேவைதான். அதோடு இதையும் கேளுங்கள்: கொள்கை பற்றிய ஒவ்வொரு முன்வடிவுக்கும் எண்ணி ஓட்டெடுக்கும்படி அவையில் எழுந்து கோருவீர்களா? 1953-ல் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிராக நின்றவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 139. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு ‘ஆம்’ சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை.