வீடு மாறும்போது மீன் தொட்டியை என்ன செய்வது? 500 கி.மீ. பயணத்திலும் கலர் மீன்கள் பிழைக்க வழி இதுதான்!

மே மாதம் வந்தாலே டிரான்ஸ்ஃபர், புது ஸ்கூல் என்று வீடு மாறுகிறவர்கள் அதிகம். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடலாம். ஹாலில் இருக்கிற மீன் தொட்டியை என்ன செய்வது?

"சென்னையில இருந்து கோயம்புத்தூர் 500 கிலோமீட்டர். வழியிலேயே செத்துடும். யாருக்காவது குடுத்துட்டுக் கிளம்புங்க." பெரும்பாலும் கிடைக்கிற அட்வைஸ் இதுதான். வீட்டில் குழந்தை பேர் வைத்துக் கூப்பிடுகிற மீன் என்றால், அதைக் கேட்கவே மனசு வராது.

ஆனால், அந்த மீன் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் சென்னை கொளத்தூர். பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து வெளியூர்களுக்கு மீன் அனுப்புவது அந்தத் தொழிலில் தினசரி வேலை. ஒரு ராத்திரி முழுக்கப் பைக்குள் பயணம் செய்த மீன்கள்தான் காலையில் கடைத் தொட்டியில் நீந்துகின்றன.

அப்படியென்றால் மீனைக் கொல்வது தூரம் இல்லை. வேறு என்ன?

மீன் எதனால் சாகிறது?

'ஆக்சிஜன் பத்தாமல்' என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. மீதி, மீனின் சொந்தக் கழிவு.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியில் இது பிரச்னை இல்லை. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். பைக்குள் ஃபில்டர் கிடையாது. அதனால் மணிக்கு மணி அம்மோனியா ஏறிக்கொண்டே போகும்.

இதோடு வெயிலும் சேர்ந்தால் ஆபத்து இரண்டு மடங்கு. 25 டிகிரி செல்சியஸ் தண்ணீர், ஒரு லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக மீன் வேகமாக மூச்சுவிடும், அதிக ஆக்சிஜன் கேட்கும். அதாவது தேவை கூடும்போது கையிருப்பு குறைகிறது.

மூன்றாவது காரணம், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது. மீன் உயிரோடு வந்திருக்கும், ஆனால் ஃபில்டரில் இருந்த பாக்டீரியா வழியில் செத்திருக்கும். 'நல்லாத்தானே வந்துச்சு, மூணாம் நாள் எப்படிச் செத்துச்சு?' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

கழிவு, வெயில், ஃபில்டர். இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

கிளம்புவதற்கு முன் என்ன செய்யணும்?

4 நாளுக்கு முன்பு தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். கிளம்புகிற நாளில் மொத்தமாகக் கழுவிச் சுத்தம் செய்யாதீர்கள். புது மீன் எதுவும் வாங்கி விடாதீர்கள்.

ரொம்ப முக்கியமானது பட்டினி. பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். நன்றாக வளர்ந்த மீன்களுக்கு 48 மணி நேரம்கூட நிறுத்தலாம். 'பாவம், பட்டினியா?' என்று தோன்றும். வளர்ந்த மீன்கள் சில நாள் சாப்பிடாமல் தாக்குப்பிடிக்கும். கடைசி நேரத்தில் பாசத்தோடு போடும் ஒரு சிட்டிகை தீனி, பைக்குள் கழிவாக மாறித் தண்ணீரைக் கெடுக்கும். குட்டி மீன்களுக்கு மட்டும் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரோடு தொட்டியைத் தூக்கலாமா?

கூடவே கூடாது. ஒரு சின்னக் கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 57 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆக, தண்ணீர் மட்டுமே 57 கிலோ. தூக்கும்போது கண்ணாடி லேசாக வளைந்தாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும், அல்லது அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

பாதித் தண்ணீர், வெறும் கூழாங்கல் என்றாலும் இதே ஆபத்துதான். கல்லைத் தனியாக ஒரு பக்கெட்டில் எடுத்துவிடுங்கள். தொட்டி காலியாக, பழைய போர்வை சுற்றி, அடியில் தெர்மாகோல் ஷீட் வைத்துத்தான் லாரி ஏறணும்.

தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு இருந்தால், கல்லைக் கிளறுவதற்கு முன்பே மேல்தண்ணீரை அதில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பேக்கிங் எப்படி?

எளிய வழி, மீன் கடைதான். கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மீன்களை எடுத்துக்கொண்டு போய், "அண்ணா, 10 மணி நேரம் டிராவல். ஆக்சிஜன் போட்டு பேக் பண்ணிக் குடுங்க" என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகப் போடுகிற பேக்கிங் வேறு, ராத்திரி முழுக்கத் தாங்குகிற பேக்கிங் வேறு. டிராஃபிக்கையும் சேர்த்து 2, 3 மணி நேரம் கூடுதலாகவே சொல்லலாம்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். இதுதான் அளவு. தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று நினைத்துப் பையை நிரப்பினால், காற்றுக்கு இடம் இருக்காது. ஒரு பைக்குள் இன்னொரு பையாக இரட்டைப் பை போடச் சொல்லுங்கள். அடி மூலைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் சின்ன மீன்கள் மூலையில் சிக்கி நசுங்காது.

எல்லா மீனுக்கும் ஒரே பேக்கிங் சரிவராது:

கோல்டு ஃபிஷ்: கழிவு அதிகம். ஒரு பைக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஃபைட்டர்: ஒன்றை ஒன்று கடிக்கும். தனித்தனிப் பைதான். இது தண்ணீருக்கு மேலே வந்தும் காற்றைச் சுவாசிக்கும் மீன். பையில் சாதாரணக் காற்று இருந்தாலே போதும்.

கெளுத்தி வகை, சக்கர் ஃபிஷ்: துடுப்பு முள் பையைக் கிழித்துவிடும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா அல்லது பக்கெட்தான் பாதுகாப்பு. மூடியில் ஓட்டை போட்டு, பவர் பேங்கில் ஓடுகிற சின்ன ஏர் பம்பை மாட்டிவிடுங்கள்.

கப்பி, மோலி போன்ற சின்ன மீன்கள்: ஒரே பையில் சிலவற்றைப் போடலாம். நெருக்கடி வேண்டாம்.

கட்டிய பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளியில் பேப்பரைத் திணித்து, மூடி ஒட்டிவிடுங்கள். பெட்டிக்குள் இருட்டாக இருந்தால் மீன் மிரளாது. சூடும் சட்டென்று ஏறாது.

ஃபில்டரை மறந்துடாதீங்க!

பலர் தப்பு செய்வது இங்கேதான். வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி, வெயிலில் காயவைத்துப் பேக் செய்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது பாக்டீரியாவைக் கொல்லும். மிச்சம் இருந்தாலும் காய்ந்தால் போய்விடும். மாதக்கணக்கில் உருவான ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை ஐந்து நிமிடத்தில் அழித்ததுபோலத்தான்.

ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் எல்லாவற்றையும் அழுக்கோடு அப்படியே எடுத்து, தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். ஈரமாக இருக்கணும், டப்பாவில் பாதிக்கு மேல் காற்றும் இருக்கணும். அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். கேனிஸ்டர் ஃபில்டரைத் தண்ணீரோடு மூடியபடி பல மணி நேரம் வைத்தால் உள்ளே அழுகி நாற்றம் எடுக்கும். ஊருக்குப் போய் அதை அப்படியே ஆன் செய்தால், அந்த நச்சு மொத்தமும் தொட்டிக்குள் இறங்கும்.

இந்த டப்பா லாரியில் இல்லை, மீன்களோடு உங்கள் காரில் வரணும்.

வழியில் கவனிக்க வேண்டியவை

மீன் பெட்டியை லாரியில் ஏற்றாதீர்கள். லாரிக்குள் எவ்வளவு சூடு ஏறும், எப்போது வந்து சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. காரில், ஏசி காற்று நேராக அடிக்காத இடத்தில், ஆடாமல் வைக்கலாம். ராத்திரியில் அல்லது விடியற்காலையில் கிளம்புவது நல்லது. சாப்பிட இறங்கும்போது, கண்ணாடி ஏற்றிய காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகவே கூடாது.

சூடு அதிகமாகத் தெரிந்தால், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் ஓரமாக வைக்கலாம். ஐஸைப் பைமேல் நேராக வைக்காதீர்கள். திடீர்க் குளிரும் மீனுக்கு அதிர்ச்சிதான்.

இன்னொன்று, பாதி வழியில் 'மூச்சுக்குக் காத்து வேணுமே' என்று பையைத் திறக்கவே திறக்காதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

பையைத் திறக்கும் நிமிடம்தான் ஆபத்தா?

ஆமாம். மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேரும். அதனால் தண்ணீர் அமிலத் தன்மைக்கு மாறி, பி.எச். அளவு குறையும். பி.எச். குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி, அவ்வளவு விஷம் இல்லாத அம்மோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். இயற்கையாகவே ஒரு பாதுகாப்பு.

பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். பி.எச். ஏறும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால், அம்மோனியாவில் விஷமான பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகும். அதுவரை தாக்குப்பிடித்த மீன், திறந்த பைக்குள்ளேயே துவண்டுவிடலாம்.

அதனால் நீண்ட பயணத்துக்குப் பிறகு வரிசை இப்படி இருக்கட்டும்:

1. புது வீட்டில் கட்டில், பீரோவுக்கு முன்னால் மீன் தொட்டியைத் தயார் செய்யுங்கள். லாரி வர லேட்டாகும் என்றால், மூடியுள்ள ஒரு பெரிய புது பிளாஸ்டிக் டப்பா தற்காலிகத் தொட்டியாகப் போதும். சோப்பு பட்ட பாத்திரம் வேண்டாம்.

2. கேனில் கொண்டுவந்த பழைய தண்ணீரை ஊற்றுங்கள். சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் அதிகமாக இருக்கும். கோவையின் சிறுவாணித் தண்ணீர் அப்படி இல்லை. நமக்கு அது ருசி, மீனுக்கு அது திடீர் மாற்றம். பழைய தண்ணீர் பெரும்பகுதி இருந்தால் அந்த அதிர்ச்சி குறையும்.

3. குறைவதற்குப் புதுத் தண்ணீர் சேர்க்கும்போது ஆன்டி-குளோரின் மருந்து விடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் மீனுக்குத் தேவையான தாதுக்கள் மிகக் குறைவு.

4. ஃபில்டரை மாட்டி ஓடவிடுங்கள். தொட்டி லைட் வேண்டாம்.

5. கட்டிய பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும்.

6. பையைத் திறந்ததும் தாமதிக்காமல் வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்த மீனுக்குச் சொல்லும் 'கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கலந்து பழக்குங்க' என்ற முறை, பல மணி நேரம் பயணம் செய்த பைக்குப் பொருந்தாது.

முதல் 2 வாரம் எப்படி?

முதல் நாள் சாப்பாடு வேண்டாம். அடுத்த நாளிலிருந்து வழக்கத்தில் பாதி போடுங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அம்மோனியா காட்டினாலோ, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்குப் புது மீன் சேர்க்காதீர்கள்.

கொண்டுபோகவே முடியாவிட்டால்?

வயதான மீன், நோயில் இருக்கும் மீன், ஒன்றரை அடிக்கு வளர்ந்த மீன் என்றால் பயணம் ரிஸ்க்தான். மீன் வளர்க்கும் நண்பருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள். அதில் தப்பே இல்லை.

ஆனால், 'ஏரியில விட்டா பொழைச்சுக்கும்' என்று மட்டும் நினைக்காதீர்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் ஃபிஷ் நம் ஏரி, குளங்களில் பெருகி, வலைகளைக் கிழித்து, மீனவர்களுக்குத் தலைவலியாக மாறியது தொட்டிகளிலிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் வெளியே போன மீன்களால்தான். அதேபோல் கோல்டு ஃபிஷ்ஷை ஏரியில் விட்டால், பளிச்சென்ற அதன் நிறமே கொக்குக்கு அழைப்பு.

சுருக்கமாக: ஒரு நாள் பட்டினி, ஆக்சிஜன் பை, தெர்மாகோல் பெட்டி, ஈரமான ஃபில்டர், இரண்டு கேன் பழைய தண்ணீர், வழியில் திறக்காத பை. இவ்வளவுதான். பால் காய்ச்சும்போது மீனும் வீட்டில் இருக்கும்.