விமானி வேலையிலிருந்து ஏடிசி வேலைக்கு: வழி இருக்கிறதா?

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டுவிட்டு விமானங்களைத் தரையில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான விமானிகள் வேலை தேடி அலைந்தார்கள். இவர்கள் ஒருபுறம் என்றால், மருத்துவப் பரிசோதனையில் தகுதி இழந்து பறக்க முடியாமல் போனவர்கள் மறுபுறம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வணிக விமானி உரிமமான சி.பி.எல். பெற்றும் அழைப்பு வராமல் காத்திருக்கும் இளைஞர்களும் உண்டு. இவர்கள் எல்லோர் மனதிலும் ஒரு கட்டத்தில் எழும் கேள்வி: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது ஏடிசி வேலைக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால் இந்தியாவில் அந்த வேலைக்கு எடுக்கும்போது எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. வயதையும் பட்டத்தையும்தான் பார்க்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததால் வாய்ப்பை இழந்தவர்கள் பலர்.

கட்டுப்பாட்டு அறையில் நடப்பது என்ன?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் புறப்படும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையில் நுழையவும் மேலெழவும் அனுமதி தருபவர் டவரில் இருக்கும் கட்டுப்பாட்டாளர். சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுபவை. கண்ணாடிக்கு வெளியே கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை அவருடையது. விமானம் மேலெழுந்ததும் அப்ரோச் பிரிவு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. இறங்க வரும் விமானங்களுக்கும் ஏறிப்போகும் விமானங்களுக்கும் இடையே உயரத்தையும் திசையையும் பிரித்துக் கொடுப்பது இங்கேதான். அதன் பிறகு ஏரியா கண்ட்ரோல். வங்கக் கடலுக்கு மேல் ரேடாருக்கு எட்டாத தூரம் போனதும், விமானம் எங்கே இருக்கிறது என்ற தகவல் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. எல்லையில் கோலாலம்பூர் கட்டுப்பாட்டு மையத்திடம் விமானத்தை ஒப்படைத்தால் சென்னையின் பொறுப்பு முடிந்தது.

இந்திய வான்பரப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரிய மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த மண்டலமானாலும் அடிப்படை விதி ஒன்றே. ரேடார் பார்வையில் உள்ள இரண்டு விமானங்களுக்கு இடையே, வழித்தடத்தில் பொதுவாக 5 கடல் மைல் பக்கவாட்டு இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் 1,000 அடி உயர வித்தியாசம் வேண்டும். ஜெட் விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 கடல் மைல் போகும். எதிரெதிராக வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அந்த 5 மைலைக் கடக்க 20 விநாடிகூட ஆகாது. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து விமானங்களுக்கு இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டே பேச வேண்டும்.

விமானி கொண்டுவரும் அனுபவம்

ஏடிசி பேசும் மொழி விமானிக்கு ஏற்கெனவே பழக்கமானது. வானிலை அறிக்கையை விமானி ஒரு பார்வையில் படித்துவிடுவார். புறப்படும் வழி, இறங்கும் வழி வரைபடங்கள் அவருக்கு அத்துப்படி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கேட்கும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி இரு தரப்புக்கும் பொது.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் கற்றுக்கொண்டுவிடலாம். வகுப்பறையில் கற்க முடியாத ஒன்று, இன்னொரு முனையில் இருப்பவரின் கைகள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கும் என்ற அறிவு.

ஓர் உதாரணம். ஒரு விமானம் 12,000 அடியில் 250 நாட் வேகத்தில் இறங்கி வருகிறது. ஓடுபாதைக்கு இன்னும் 40 கடல் மைல். ஆயிரம் அடி இறங்க 3 மைல் தேவை என்பது விமானிகளின் மனக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 36 மைல் போதும், எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த நேரத்தில் கட்டுப்பாட்டாளர் உதவுவதாக நினைத்து, சுற்றாமல் நேராக வரச் சொல்லி 10 மைலைக் குறைத்துவிடுகிறார். முன்னால் ஒரு விமானம் மெதுவாகப் போவதால், வேகத்தையும் குறைக்கச் சொல்கிறார். இப்போது விமானி வேகமாக இறங்கவும் வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். ஜெட் விமானத்தில் இந்த இரண்டும் ஒருசேர நடப்பது கடினம். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடும், வேகத்தைக் குறைக்கப் பார்த்தால் இறக்கம் தடைபடும். கடைசியில் விமானம் தேவைக்கு மேல் உயரமாகவும் வேகமாகவும் ஓடுபாதையை நெருங்கும். அந்த நிலையில் இறங்கக் கூடாது என்பது விதி. விமானி மறுபடி மேலெழுந்து சுற்றிவர வேண்டியதுதான். குறைத்துக் கொடுத்த 10 மைலுக்குப் பதில் 30, 40 மைல் கூடுதலாகச் சுற்ற வேண்டிவரும்.

காக்பிட்டில் இருந்து பழகியவர் இந்த இரண்டு உத்தரவையும் சேர்த்துக் கொடுக்க மாட்டார். அதேபோல், இறங்காமல் மேலெழும் விமானத்திடம் உடனே "என்ன காரணம்?" என்று கேட்கவும் மாட்டார். அந்த அரை நிமிடத்தில் சக்கரத்தை மேலே ஏற்றி, இறக்கையின் ஃபிளாப்பைச் சுருக்கி, வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்குத் தேவை திசையும் உயரமும் மட்டுமே என்பது அவருக்குத் தெரியும்.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

ஆனாலும் நல்ல விமானிகள் எல்லாருமே நல்ல கட்டுப்பாட்டாளர் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. விமானியின் கவனம் ஒரே விமானத்தின் மேல் குவிந்திருக்கும். அதன் நலனுக்காக விதியை மீறவும் அவசர நேரத்தில் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. கட்டுப்பாட்டாளருக்கு ஒரு விமானம் என்பது வரிசையில் ஒன்று. ஒருவரைக் காக்க வைத்தால்தான் மூன்று பேர் பத்திரமாகப் போக முடியும் என்றால் காக்க வைக்க வேண்டும். விமானிக்கு எதிரில் கருவிகள் இருக்கின்றன, கையில் கட்டுப்பாடு இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் கையில் இருப்பது குரல் ஒன்றே. தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை, விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்தது இந்த உண்மையைக் கொடூரமாக உணர்த்தியது. டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவுதி விமானத்துக்கு 14,000 அடி வரை அனுமதி. டெல்லிக்கு இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியோடு நிற்க உத்தரவு. எதிரில் விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் தரப்பட்டது. கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் அப்போது டெல்லியில் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. சொன்ன உத்தரவு சரிதான். அது நிறைவேறியதா என்று பார்க்கக் கட்டுப்பாட்டாளருக்கு வழியில்லை. அதன் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமானது.

உரிமத்திலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏர்பஸ் ஏ320 ஓட்டத் தகுதி பெற்ற விமானி எந்த ஊரிலும் அதே விமானத்தை ஓட்டலாம். கட்டுப்பாட்டாளரின் தகுதி இடத்தோடு பிணைந்தது. சென்னை டவரில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் மும்பைக்கு மாற்றலானால், அங்கே பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, மறுபடி கற்றுத் தேர்வாகித்தான் தனியாகப் பேச முடியும்.

இந்தியாவில் எப்படிச் சேர்வது?

டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற தனியார் நடத்தும் விமான நிலையங்களிலும் வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம்தான். ராணுவ விமானத் தளங்கள், விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.-இன் விமான நிலையம் போன்ற சில இடங்கள் விதிவிலக்கு. ஆகவே நடைமுறையில் ஒரே முதலாளிதான், ஒரே நுழைவாயில்தான்.

அந்த நுழைவாயிலின் பெயர் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் பதவி. தகுதி: இயற்பியலும் கணிதமும் உள்ள மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டம், அல்லது ஏதேனும் ஒரு பருவத்திலாவது இந்த இரு பாடங்களையும் படித்த பொறியியல் பட்டம். இரண்டும் முழுநேரமாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்ததாக இருக்க வேண்டும். உச்ச வயது 27. ஓபிசி பிரிவினருக்கு 3 ஆண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. முன் அனுபவம் தேவையில்லை. இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

கணினி வழித் தேர்வில் 120 கேள்விகள், 2 மணி நேரம். பாதிக் கேள்விகள் இயற்பியல், கணிதத்திலிருந்து வரும். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அடுத்து குரல் தேர்வு, உளவியல் மதிப்பீடு, போதைப்பொருள் சோதனை, மருத்துவப் பரிசோதனை. தேர்வானவர்களுக்கு ஆணையத்தின் பயிற்சி மையங்களில் பயிற்சி. இவற்றில் முதன்மையானது 1948-இல் தொடங்கிய பிரயாக்ராஜ் சிவில் விமானப் பயிற்சிக் கல்லூரி. பயிற்சி முடிந்ததும் நிலையத்தில் நேரடிப் பயிற்சி.

இங்கேதான் விமானிகளுக்குச் சிக்கல். சி.பி.எல். வாங்க பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறத்தலும் போதும். பட்டம் வேண்டாம். எனவே பலர் பள்ளி முடித்ததும் நேராகப் பறக்கும் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். ஒப்புக்கு ஒரு பட்டம் இருக்கட்டும் என்று அஞ்சல் வழியில் படிப்பவர்களும் உண்டு. அந்தப் பட்டம் இந்தத் தேர்வுக்குச் செல்லாது. முப்பத்தைந்து வயதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டனுக்கு இந்தக் கதவு என்றோ மூடிவிட்டது. இருபத்தைந்து வயதில் சி.பி.எல். பெற்று வேலைக்குக் காத்திருப்பவரிடம் தகுதியான முழுநேரப் பட்டமும் இருந்தால், அவருக்குத் திறந்திருக்கிறது.

உடலும் ஊதியமும்

விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், கட்டுப்பாட்டாளருக்கு மூன்றாம் வகுப்பு போதும். முதல் வகுப்பை இழந்த சிலர் மூன்றாம் வகுப்பில் தேறக்கூடும். எல்லாருக்கும் இது பொருந்தாது. நிறப்பார்வை, கேட்கும் திறன், திடீர் மயக்கத்துக்கு வாய்ப்புள்ள நோய்கள் ஆகியவற்றில் இங்கும் கண்டிப்பு உண்டு.

அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கி 1,40,000 வரை செல்லும் அளவுகோல். படிகள் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் என்று ஆணையத்தின் அறிவிப்பு சொல்கிறது. பெரிய நிறுவனத்தின் கேப்டன் சில மாதங்களில் ஈட்டிவிடும் தொகை இது. ஆனால் நிறுவனம் திவாலாகும் என்ற கவலை இல்லை. இரவு ஷிஃப்ட் உண்டு, விடிந்ததும் சொந்த வீட்டில் தூங்கலாம். ஓய்வு வயது 60. வணிக விமானி 65 வரை பறக்கலாம்.

மற்ற நாடுகளில் விதிகள் வேறு. அமெரிக்காவில் 31 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், 56-இல் ஓய்வு. பயிற்சி ஓக்லஹோமா சிட்டியில். பிரிட்டனில் நாட்ஸ் நிறுவனம் 18 வயது நிறைந்தவர்களை எடுக்கிறது, உச்ச வயது வைக்கவில்லை. அங்கே நாற்பது வயது விமானியும் திறனறித் தேர்வில் தேறினால் புதிதாகத் தொடங்கலாம்.

மாற வேண்டியது என்ன?

இளமையில் கற்றால் விரைவாகப் பழகலாம், நீண்ட நாள் பணியாற்றலாம் என்பதே வயது வரம்புக்குச் சொல்லப்படும் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆணையத்தின் சொந்த ஊழியர்களுக்கு இதே தேர்வில் 10 ஆண்டு தளர்வு தரப்படுகிறது. விமானப்படையில் மருத்துவக் காரணத்தால் பறக்க முடியாமல் போகும் அதிகாரிகளை ஏடிசி போன்ற தரைப் பணிகளுக்கு மாற்றும் வழக்கமும் இருக்கிறது. அந்தப் பத்தாண்டுத் தளர்வை ஆயிரம் மணி நேரம் பறந்த விமானிக்கும் தருவதில் என்ன தடை? தேர்வைச் சுலபமாக்க வேண்டாம், சலுகை மதிப்பெண் வேண்டாம். எழுத அனுமதித்தால் போதும். தேறாதவர் வெளியேறட்டும், தேறியவர் காக்பிட்டின் அனுபவத்தைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுவரட்டும். வயது கடந்தவர்களைப் பயிற்சிக் கல்லூரியில் பயிற்றுநராகவாவது பயன்படுத்தலாம். பறக்க முடியாமல் போன ஒரு கேப்டனின் இருபதாண்டு அறிவை வீட்டில் முடக்கி வைப்பது நாட்டுக்குத்தான் நட்டம்.

விதி மாறும்வரை செய்ய வேண்டியது மாணவர்கள், பெற்றோர்கள் கையில் இருக்கிறது. பறக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். முதலில் இயற்பியலும் கணிதமும் உள்ள முழுநேரப் பட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். ஏவியேஷன் என்ற பெயரில் உள்ள பட்டப்படிப்பானால், சேரும் முன்பே பாடத்திட்டத்தில் இந்த இரண்டு பாடங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பறக்கப் போகட்டும். விமானி வேலை அமையத் தாமதமானால், 27 வயது முடிவதற்குள் ஆணையத்தின் அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பிக்கட்டும்.